பழைய அனலாக் ரிசீவரில் சூரிய இரைச்சலை அளக்க உதவி தேவை

கருங்கல்லில் என் மாமா நடத்திய கேபிள் கூடத்தில், 1990-களில் சன், ஏசியாநெட் அலைவரிசைகளைப் பிடித்த அனலாக் செயற்கைக்கோள் ரிசீவர் ஒன்று எஞ்சியிருக்கிறது. உள்ளூரில் பூட்டிய பெட்டி என்பதால் மாடல் பெயர் இல்லை. உள்ளீடு 950 முதல் 1450 மெகாஹெர்ட்ஸ், ட்யூனர் மீது 479.5 என்று அச்சிட்டிருக்கிறது (ட்யூனர் சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவெண், மெகாஹெர்ட்ஸில்). சம இரவு நாட்களையொட்டிச் சூரியன் செயற்கைக்கோளின் பின்னே வரும்போது படம் புள்ளியடிக்குமே, சூரியனின் அந்த ரேடியோ இரைச்சலையே அளக்க விரும்பி, எட்டு அடி டிஷ்ஷையும் சி-பேண்ட் எல்.என்.பி.யையும் (டிஷ் குவிக்கும் சிக்னலைப் பெருக்கி அலைவெண்ணைக் குறைக்கும் பகுதி) மொட்டைமாடியில் நிறுத்தி மூன்று வாரங்கள் ஆகின்றன.

வீடியோ வெளியீட்டில் மாற்றம் தெரியாது என்பது முதல் நாளே புரிந்தது, எஃப்.எம். லிமிட்டர் வலிமை வேறுபாட்டை அழித்துவிடுகிறது. ஆகவே ட்யூனரின் ஏ.ஜி.சி. முனையில் (சிக்னல் வலிமைக்கேற்பப் பெருக்கத்தைத் தானாகச் சரிசெய்யும் மின்னழுத்தம் வரும் இடம்) மல்டிமீட்டரை வைத்தேன். வெறும் வானத்தை நோக்கினாலும், சூரியனை நோக்கினாலும், எல்.என்.பி.யைக் கையால் மூடினாலும் அது 4.1 வோல்ட்டிலேயே நிற்கிறது. எல்.என்.பி.க்கு 18 வோல்ட் ஒழுங்காகப் போகிறது. கேபிளையும், கடற்காற்றில் பச்சை பிடித்திருந்த கனெக்டர்களையும் மாற்றிவிட்டேன், மின்வழங்கியில் உப்பிய மின்தேக்கிகளையும் மாற்றினேன். சாதாரண சாட்டிலைட் ஃபைண்டரை இணைத்தால் சூரியன் பக்கம் திருப்பும்போது முள் தெளிவாக ஏறுகிறது. எனவே கோளாறு டிஷ்ஷில் இல்லை. ஃபைண்டரையே பயன்படுத்தலாமே என்பீர்கள். அதில் அலைவெண்ணைத் தேர்ந்து அளக்க வழியில்லை.

லிமிட்டருக்கு முன்பே 479.5 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை எடுத்து சிக்னல் வலிமையை வோல்ட்டாக மாற்றும் டையோடு டிடெக்டருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், இத்தகைய ட்யூனரில் எந்த இடத்தில், எவ்வளவு மதிப்புள்ள மின்தேக்கி வழியாக எடுப்பது?