சோபாவில் மட்டும் பேஸ் இல்லை

சனி, காலை

நான்: எல்லோரும் பாருங்கள். நானே செய்த சப்வூஃபர், அதாவது ஆழமான பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டி. நேற்று ராத்திரிதான் முடிந்தது.
நான்: (படம்)
நான்: 12 இன்ச் டிரைவர் (சத்தம் எழுப்பும் ஸ்பீக்கர் பகுதி), 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), மூடிய பெட்டி. ஆம்ப் பின்பக்கம்.

சித்தப்பா: அட, நிஜமாகவே செய்துவிட்டாயா! வாயோடு போய்விடும் என்று நினைத்தேன்.

சித்தப்பா: ஏன்டா ஓட்டை வைக்கவில்லை? போர்ட் இருந்தால்தானே நெஞ்சில் வந்து அடிக்கும்?

அத்தை: நேற்று ராத்திரி ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடியது. லாரி போகிறது என்று எழுந்து பார்த்தேன். நீதானா கண்ணா?

நான்: நான்தான் அத்தை 🙈

நான்: அக்கா, ஒரு சந்தேகம். சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. எழுந்து கதவுப் பக்கம் போனால் அப்படிக் குமுறுகிறது. டிரைவர் பழுதோ?

அக்கா: பழுது என்றால் கதவுப் பக்கமும் குமுறாது. முதலில் பெட்டியின் அளவைச் சொல்.

நான்: எல்லாப் பக்கமும் 38 சென்டிமீட்டர். பெருக்கினால் 54.9 லிட்டர். நீ கணக்குப் போட்டுக் கொடுத்தது 54.5.

அக்கா: 38 உள்ளேயா, வெளியேயா?

நான்: …

நான்: வெளியே.

அக்கா: 😂😂

அக்கா: இரண்டு பக்கப் பலகையும் சேர்ந்து 3.6 சென்டிமீட்டரைத் தின்றுவிடும். உள்ளே 34.4 தான். அதாவது 40.7 லிட்டர். டிரைவரின் காந்தமும் கூடை போன்ற சட்டமும் இன்னொரு 3 லிட்டர் பிடிக்கும். உன் பெட்டி 38 லிட்டர்கூட இல்லை.

சித்தப்பா: தச்சு வேலையில் முதல் பாடமே அதுதான். பலகைக்கும் கனம் உண்டு.

நான்: அப்படியென்றால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டுமா? பசை போட்டு, உள்மூலை எல்லாம் சிலிகோன் பூசி, இரண்டு நாள் தும்மிக்கொண்டே அறுத்தேன்.

அக்கா: மாஸ்க் போட்டுக்கொள் என்று சொன்னேனா இல்லையா? எம்.டி.எஃப். தூசி மாவு மாதிரி இருக்கும், நேராக நுரையீரலுக்குப் போகும்.

அக்கா: பிரிக்க வேண்டாம். மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றுதான் ஸ்பிரிங். பெட்டி சின்னதானால் ஸ்பிரிங் விறைக்கும், அவ்வளவுதான். உன் டிரைவரின் தாளில் எஃப்.எஸ். (பெட்டி இல்லாமல் அதன் ஒத்ததிர்வு) 25 ஹெர்ட்ஸ், கியூ.டி.எஸ். (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்ற எண்) 0.45, வாஸ் (டிரைவரின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) 80 லிட்டர். 54.5 லிட்டரில் பெட்டியோடு சேர்ந்த கியூ 0.707 வரும், ஒத்ததிர்வு 39 ஹெர்ட்ஸ். இப்போதைய பெட்டியில் கியூ 0.8, ஒத்ததிர்வு 44. பேஸ் லேசாகத் தூக்கலாக நிற்கும். உன் காதுக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்.

சித்தப்பா: இந்த எஃப்.எஸ்., கியூ எல்லாம் யார் கண்டுபிடித்தது?

அக்கா: ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் ஒரு கட்டுரை எழுதினார். 70-களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். அதனால்தான் தீல்-ஸ்மால் எண்கள் என்கிறோம். அதற்கு முன்னால் பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் செய்து பார்த்து, கேட்டு, மறுபடி அறுத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நம் தம்பியைப் போல.

நான்: அக்கா!

அக்கா: சரி சரி. தலையணையில் அடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு இருந்தால் பெட்டிக்குள் தளர்வாகப் போடு. காற்றுக்குப் பெட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரியும். திணிக்காதே. டிரைவர் பின்னால் ஒட்டாமல் பார்த்துக்கொள்.

அத்தை: என் தலையணை மேல் கை வைத்தால் கையை ஒடிப்பேன்.

அக்கா: சித்தப்பா, நீங்கள் கேட்ட போர்ட் விஷயம். இதே தப்பைப் போர்ட் பெட்டியில் செய்திருந்தால் கதை வேறு. 25 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்தது 30-க்கு ஏறிப்போயிருக்கும். அதற்குக் கீழே கோனை (டிரைவரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு) பிடித்து நிறுத்தக் காற்று இருக்காது. ஒரு வெடிச் சத்தம் வந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும், டிரைவரே போய்விடலாம். சத்தம் குறைகிற வேகமும் அப்படித்தான்: அந்த எல்லைக்குக் கீழே மூடிய பெட்டி ஒரு ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும்) 12 டெசிபல் இறங்கும், போர்ட் பெட்டி 24. முதல் பெட்டியை மூடிச் செய்தது இவன் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

சித்தப்பா: (குரல் பதிவு, 1:47)

அக்கா: சித்தப்பா, கேட்டுவிட்டேன். நெஞ்சில் அடிப்பது போர்ட் இல்லை, சத்தத்தின் அளவு. அதற்கு அறையும் ஒத்துழைக்க வேண்டும். தம்பி, ஹால் நீளம் என்ன? சோபா எங்கே இருக்கிறது?

நான்: டேப் வைத்து அளந்தேன். 4.3 மீட்டர். சோபா சரியாக நடுவில்.

அக்கா: இதைத்தான் தேடினேன். ஒலி நொடிக்கு 343 மீட்டர். நீளத்தின் இரண்டு மடங்கு 8.6. வகுத்தால் 40. அந்த ஹாலில் 40 ஹெர்ட்ஸ் இரண்டு சுவருக்கும் நடுவே ஊஞ்சல் மாதிரி நிற்கும். சுவர் ஓரத்தில் உச்சம், நட்ட நடுவில் சூனியம். கதவு சுவர் ஓரத்தில் இருக்கிறது. நீ சூனியத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

நான்: ஈக்வலைசரில் 40-ஐ ஏற்றிவிட்டால்?

அக்கா: 6 டெசிபல் ஏற்ற ஆம்ப் 4 மடங்கு வாட் கொடுக்க வேண்டும். 10 ஏற்ற 10 மடங்கு. குழியில் எவ்வளவு கொட்டினாலும் அங்கே அது அழிந்துகொண்டே இருக்கும். ஆம்ப் சூடாகும், கதவுப் பக்கம் நிற்பவர் காது கிழியும், உனக்கு மட்டும் ஒன்றும் கேட்காது. பெட்டியை எங்கே நகர்த்தினாலும் நடுவில் இருப்பவனுக்கு அந்த 40 வராது. முதலில் சோபாவைப் பின்னால் தள்ளு, 60 சென்டிமீட்டராவது. அப்புறம்தான் பெட்டிக்கு இடம் தேட வேண்டும்.

அத்தை: சோபாவைத் தள்ளினால் கோலாட்டம் ஆட இடம் கிடைக்கும். தள்ளு.

சனி, மாலை

சித்தப்பா: (வீடியோ)

சித்தப்பா: யாராவது இதற்கு விளக்கம் சொல்லுங்கள். மைக் ஸ்டாண்டும் கையுமாக வேலை பார்ப்பான் என்று வந்தேன். பெட்டியைச் சோபா மேல் உட்கார வைத்துவிட்டு, இவன் சுவர் ஓரமாகத் தவழ்கிறான்.

அத்தை: 8 மாதத்தில் தவழ்ந்தது. இப்போது மறுபடி பார்க்கிறேன்.

நான்: அக்காதான் சொன்னாள்! பெட்டியை நாம் உட்காரும் இடத்தில் வைத்து, நாம் பெட்டி இருக்கக்கூடிய இடங்களில் காதை வைத்துக் கேட்க வேண்டும். எங்கே பேஸ் ஏற்ற இறக்கமில்லாமல் கேட்கிறதோ அங்கே பெட்டி. இங்கிருந்து அங்கே எப்படியோ, அங்கிருந்து இங்கேயும் அப்படியே.

நான்: மூலையில்தான் சத்தம் அதிகம். ஆனால் ஒரே ஒரு சுரம் மட்டும் ஊதுகிறது, மற்றது அமுங்கிவிடுகிறது. டி.வி.க்கு இடது பக்கம், மூலையிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அங்கே பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. அங்கேயே வைத்துவிட்டேன்.

நான்: முட்டி தேய்ந்துவிட்டது.

அக்கா: ரிசீவரில் (ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் கருவி) கிராஸ் ஓவர் 80 ஹெர்ட்ஸ் வை. அதற்குக் கீழே இருப்பது உன் பெட்டிக்கு, மேலே இருப்பது மற்ற ஸ்பீக்கர்களுக்கு. முன் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று மாற்று, அவை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. 80-க்குக் கீழே எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் சொல்ல முடியாது, அதனால் பெட்டி ஓரமாக இருந்தாலும் தெரியாது. பெட்டியின் பின்னால் இருக்கும் கிராஸ் ஓவர் குமிழை அதிகபட்சத்துக்குத் திருப்பிவிடு, இல்லையென்றால் இரண்டு தடவை வெட்டும்.

நான்: மைக் வைத்து அளந்ததில் பெட்டி 4.9 மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று காட்டுகிறது. நிஜத்தில் 3 மீட்டர்கூட இல்லை. திருத்தவா?

அக்கா: தொடாதே. ஆம்புக்குள் இருக்கும் ஃபில்டர் சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாக்கும். ரிசீவர் அந்தத் தாமதத்தைத் தூரமாக எண்ணிக்கொள்கிறது. அதைத் திருத்தினால்தான் தப்பு.

சித்தப்பா: கேட்டுவிட்டேன். ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை இல்லாமலேயே அடிக்கிறது.

அத்தை: எல்லாம் சரி. எனக்கு ஒன்று சொல்லுங்கள். டி.வி.யில் பேசுவது மட்டும் ஏன் இன்னும் கேட்கவில்லை? அழும்போது காதைத் தீட்டிக்கொண்டு ரிமோட்டில் ஏற்றுகிறேன். அடுத்த நிமிடம் குண்டு வெடிக்கிறது.

சித்தப்பா: கூரையில் 4 ஸ்பீக்கர் மாட்டினால் தீர்ந்துவிடும்.

அக்கா: கூரையில் யாரும் பேசுவதில்லை சித்தப்பா. வசனத்தில் பெரும்பகுதி சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருவதுதான். தம்பி, அது எங்கே இருக்கிறது?

நான்: டி.வி. அலமாரியின் கீழ்த் தட்டில். உள்ளே.

அக்கா: படம் எடு.

நான்: (படம்)

அக்கா: இது அரை அடி உள்ளே தள்ளி, தரையோடு தரையாக, கணுக்காலைப் பார்த்துப் பேசுகிறது. தட்டின் விளிம்புக்கு இழு, முகம் ஒரு நூல் வெளியே வரட்டும். அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி அத்தையின் முகத்தைப் பார்க்கும்படி சாய்.

நான்: எதை வைத்துச் சாய்ப்பது?

அக்கா: 38-க்கு அறுத்தபோது மிஞ்சிய துண்டு இருக்கும் இல்லையா?

நான்: 😐 இருக்கிறது.

அக்கா: சென்டர் அளவை 2 டெசிபல் ஏற்று. ராத்திரியில் டைனமிக் ரேஞ்ச் அமைப்பைப் போட்டுவிடு, வெடியும் பேச்சும் கிட்டக் கிட்ட வரும். பின்னால் ஒருநாள் மாற்றுவதானால் முன் இரண்டும் சென்டரும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் எடு. இல்லையென்றால் ஒரு கார் திரையில் இடமிருந்து வலம் போகும்போது நடுவில் வேறு காராக மாறிவிடும்.

சித்தப்பா: வாட் அதிகம் உள்ளதாக எடுக்கட்டும்.

அக்கா: அட்டைப் பெட்டி மேல் போட்டிருக்கும் வாட்டை விடுங்கள். சென்சிட்டிவிட்டி, அதாவது அதே வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்று பாருங்கள். 87 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்கு வேண்டிய வாட்டில் பாதி, 90 உள்ளதற்குப் போதும்.

ஞாயிறு, இரவு

அத்தை: இன்று ஒரு வார்த்தை தவறவில்லை. அந்த மாமியார் மெதுவாக முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது. நான் ரிமோட்டைத் தொடவே இல்லை.

சித்தப்பா: எனக்கும் ஒரு பெட்டி செய்து கொடுடா. என் அறை 3 மீட்டருக்கு 3 மீட்டர்.

அக்கா: ஐயோ, சதுர அறை. நீளமும் அகலமும் ஒரே 57 ஹெர்ட்ஸில் மேலே மேலே ஏறி உட்காரும். கட்டிலை எங்கே போட்டிருக்கிறீர்கள்?

சித்தப்பா: நட்ட நடுவில்.

அத்தை: அதை அப்புறம் பேசுங்கள். சோபாவை நகர்த்தியபோது என் மூக்குக் கண்ணாடி பின்னால் விழுந்துவிட்டது. இதை எழுத்தைப் பெரிதாக்கி அடித்துக்கொண்டிருக்கிறேன். யாராவது எடுத்துக் கொடுங்கள்.