கறிக்கடை ஆட்களுக்கு ஹெபடைடிஸ் பி ஊசி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

சந்தைக் கறிக்கடைகளில் வேலை செய்யும் 40 பேருக்கு ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) தடுப்பூசி போட ஏற்பாடு செய்கிறோம். 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. முதல் ஊசிக்குக் கூட்டம் வரும். ஆறாம் மாதம்தான் ஆள் தேறாது. அதற்கு என்ன வழி?

"ஆட்டு ரத்தத்தில் அந்தக் கிருமி இல்லையே" என்கிறார்கள். உண்மைதான், அது மனித ரத்தத்தில் வருவது. ஆனால் ஒரே கத்தியை மூன்று பேர் பிடிக்கிறார்கள். ஒருவர் விரல் வெட்டிய ரத்தம் பிடியில் காய்ந்து 7 நாளானாலும் கிருமி தொற்றும். அடுத்தவர் கையில் கீறல் இருந்தால் போதும். பிடியில் சுற்றிய துணியைக் கழற்றச் சொன்னால் வழுக்குமாம், நியாயம்தானே! பிளீச்சிங் கரைசலைத் தாங்கும், வழுக்காத பிடி எங்கே கிடைக்கும்?

ஊசிக்கு முன் ரத்தப் பரிசோதனைக்குக் குறைந்த கட்டண லேப் இருந்தாலும் சொல்லுங்கள். முடிவை அவரவரிடம் மட்டுமே தர வேண்டும், முதலாளியிடம் கூடாது.