ஷாட்கன் கைக்கு வந்ததும் பயம் போய்விடுகிறது, உதவுங்கள்

நண்பர்களே, கோடோ (Godot) என்ற கேம் எஞ்சினில் ஒரு சின்ன ஹாரர் ஷூட்டர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். 2004-இல் வந்த டூம் 3 கேம்தான் எனக்கு முன்மாதிரி. அதில் டார்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி கிடையாது, துப்பாக்கியை எடுத்தால் இருட்டு. அந்தத் தவிப்புதான் பயமே. (2012-இல் அதை மறுபடி வெளியிட்ட பி.எஃப்.ஜி. எடிஷனில் டார்ச்சைக் கவசத்திலேயே மாட்டிவிட்டார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை.) ஆனால் டூம் 3-இல் கதவைத் திறந்ததும் இம்ப் என்ற அரக்கன் பாய்வது சீக்கிரம் பழகிவிடுகிறது. 2005-இல் வந்த ஃபியர் (F.E.A.R.) கேமில் எதிரிச் சிப்பாய்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்லிக்கொண்டே பக்கவாட்டில் சுற்றி வளைப்பார்கள். அதில் வரும் ஆல்மா என்ற பேய்ச் சிறுமி பெரும்பாலும் சண்டை ஓய்ந்த பிறகுதான் வருவாள்.

என் கேமில் ஷாட்கன் கிடைத்ததும் ஆடுபவர்களுக்குப் பயமே இல்லை. தோட்டாவைக் குறைத்தால் எரிச்சல்தான் மிச்சம். எதிரி வரும் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதா, சத்தத்தை மட்டும் முன்னால் விடுவதா? லெவல் டிசைனில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன். கேட்டால் ஆடிப் பார்க்க பில்டு (கேமின் இப்போதைய வடிவம்) அனுப்புகிறேன்.