பெரிய ஃபைல் மட்டும் கெட்டுப்போகிறது: விஎச்டியில் இடம் ஒதுக்குவதில் எங்கே பிழை?

கேள்வி:
வணக்கம். டிஸ்க் இமேஜ் உருவாக்க ஆபீஸில் ஒரு சி நிரல் இருக்கிறது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், இப்போது என் தலையில். டைனமிக் விஎச்டி (ஒரு முழு டிஸ்க்கையே ஒரு ஃபைலாக வைக்கும் வடிவம், தேவைக்கேற்ப பிளாக் பிளாக்காக வளரும்), பிளாக் அளவு 2 எம்பி. சின்னச் சின்ன ஃபைல்களைப் போட்டால் ஒரு குறையும் இல்லை. பெரிய ஜிப் ஒன்றைப் போட்டு விரித்தால் சிஆர்சி பிழை (தரவு மாறிவிட்டது என்று சொல்லும் சரிபார்ப்புப் பிழை) வருகிறது. இடம் ஒதுக்கும் ஃபங்ஷன், கடைசி பிளாக் தொடங்கும் இடத்தோடு பிளாக் அளவைக் கூட்டி அங்கே அடுத்ததை எழுதுகிறது. ஃபுட்டரை (இமேஜின் கடைசியில் இருக்கும் விவரப் பகுதியை) அதற்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. எனக்கு ஃபுட்டர் மேல்தான் சந்தேகம்.

பதில் 1:
ஃபுட்டரை விடுங்கள். நல்ல ஜிப்பையும் கெட்ட ஜிப்பையும் பைட் பைட்டாக ஒப்பிட்டீர்களா? எந்த இடத்தில், எத்தனை பைட் மாறியிருக்கிறது?

கேட்டவர்:
இப்போதுதான் பார்த்தேன். சரியாக 512 பைட், எல்லாமே எஃப்எஃப் (எல்லா பிட்டும் 1). அங்கிருந்து 2 எம்பி தள்ளி மறுபடி அதே மாதிரி 512 பைட். ஜிப் முழுக்க இப்படித்தான்!

பதில் 2:
அப்படியென்றால் ஆள் சிக்கிவிட்டான். டைனமிக் விஎச்டியில் ஒவ்வொரு பிளாக்குக்கும் முன்னால் ஒரு செக்டர் பிட்மேப் உண்டு: எந்தெந்த செக்டரில் (512 பைட் துண்டில்) தரவு இருக்கிறது என்று குறிக்கும் பிட் வரிசை. 2 எம்பி என்றால் 4096 செக்டர். செக்டருக்கு ஒரு பிட் வீதம் 512 பைட். ஆக ஒரு பிளாக் பிடிக்கும் இடம் 4096 செக்டர் அல்ல, 4097. உங்கள் ஃபங்ஷன் அந்த ஒன்றை விட்டுவிட்டது. அதனால் புதுப் பிளாக்கின் பிட்மேப் முந்தைய பிளாக்கின் கடைசி செக்டர் மேலேயே போய் உட்காருகிறது. நீங்கள் பார்த்த எஃப்எஃப் அதுதான். சின்ன ஃபைல் பெரும்பாலும் அந்தக் கடைசி செக்டரைத் தொடாது, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

திருத்தும்போது வெறுமனே 512 என்று எழுதிவிடாதீர்கள். பிளாக் அளவை 4096-ஆல் வகுத்து, வருவதை 512-இன் மடங்காக மேலே ஏற்றுங்கள். 512 கேபி பிளாக்குக்கு 128 பைட் போதும், ஆனாலும் முழு செக்டர் ஒதுக்கத்தான் வேண்டும். பிளாக் அளவு 4 எம்பி ஆனால் பிட்மேப் 1024 பைட்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, மாற்றியதும் ஜிப் சுத்தமாக விரிகிறது. ஏற்கெனவே உருவாக்கிய இமேஜ்களைப் புது நிரலில் திறந்தால் சரியாகிவிடுமா?

பதில் 2:
ஆகாது தம்பி. ஒவ்வொரு பிளாக்கும் எங்கே தொடங்குகிறது என்று குறிக்கும் அட்டவணையில் பழைய முகவரிதானே இருக்கிறது? மேலெழுதிய செக்டர் போனது போனதுதான். அதைவிட மோசம், அந்தக் கடைசி செக்டரில் இனி ஏதாவது எழுதினால் அடுத்த பிளாக்கின் பிட்மேப் நாசமாகும். படிக்கும்போது பிட்மேப்பைப் பார்க்கவே பார்க்காத மென்பொருளும் உண்டு. அதில் திறந்துவிட்டு இமேஜ் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

பிளாக் ஒதுக்கீட்டு அட்டவணையைப் படித்து, 0xஎஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் என்று இருக்கும் காலி இடங்களை விட்டுவிட்டு, மற்றவற்றை வரிசைப்படுத்துங்கள். எண்கள் பிக்-எண்டியனில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) இருக்கும், கவனம். அடுத்தடுத்த இரண்டுக்கும் இடைவெளி 4097 செக்டருக்குக் குறைந்தால் அந்த இமேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத்திலிருந்து புதிதாக உருவாக்குங்கள்.

அப்புறம், எழுதும் வரிசையையும் ஒருமுறை பாருங்கள். முதலில் பிட்மேப்பும் தரவும், பிறகு ஃபுட்டர், கடைசியாகத்தான் அட்டவணை. அப்போது நடுவில் கரண்ட் போனாலும், பாதி எழுதிய பிளாக்கை அட்டவணை காட்டாது.