பழைய ரோலர் கதவுக்கு வைபை கீபாட் பொருத்தலாமா?

குளக்கட்டான், கிளிநொச்சி:
வணக்கம். எங்கள் கராஜின் ரோலர் கதவுக்கு மோட்டர் போட்டு மூன்று ஆண்டுகளாகின்றன. உடன் தந்த இரண்டு ரிமோட்டுகளில் ஒன்றைத் தம்பி வவுனியாவுக்குக் கொண்டுபோய்விட்டதால், காலபோக உழவு நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கு வரும் உழவு இயந்திரச் சாரதிக்காக நானே எழுந்துபோய்க் கதவைத் திறக்க வேண்டியிருக்கிறது. வெளிச்சுவரில் வைபை கீபாட் ஒன்றைப் பொருத்தினால், அவருக்குத் தனி இலக்கம் கொடுத்து, உழவு முடிந்ததும் கைபேசியிலிருந்தே அதனை அழித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். பழைய மோட்டருடன் இது ஒத்துப்போகுமா?

பழைய வயர்மன், புதுக்குடியிருப்பு:
பெரும்பாலும் ஒத்துப்போகும். பிரதான ஆளியை நிறுத்திவிட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சுவர்ப் பொத்தானுக்கென்று விடப்பட்ட முனைகள் உள்ளனவா என்று பாருங்கள். அம்முனைகள் ஒரு கணம் தொடுபட்டாலே கதவு ஓடும் என்பதால், கீபாடின் ரிலே (மின்னால் இயங்கும் சிறு ஆளி) அரைச் செக்கன் அளவு மட்டும் மூடித் திறக்குமாறு அமைக்க வேண்டும். தவறியும் அவற்றில் 230 வோல்ட்டைக் கொடுத்துவிடாதீர்கள், மோட்டரின் மின்சுற்றுப் பலகை கருகிவிடும்.

இதைவிட முக்கியமானது ரிலே இருக்கும் இடம். மலிவான கீபாட்களில் அது கீபாடுக்குள்ளேயே இருப்பதால், திருகாணியைக் கழற்றிப் பின்னாலுள்ள இரண்டு வயர்களைத் தொடுப்பவன் இலக்கம் தெரியாமலே கதவைத் திறந்துவிடுவான். ரிலே தனிப்பெட்டியாக வரும் வகையை வாங்கி, அப்பெட்டியைக் கராஜுக்கு உள்ளே பொருத்துங்கள்.

ஓமந்தைக்காரி:
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கோடை முழுவதும் செம்புழுதி படிந்ததில், நாங்கள் அழுத்தும் நான்கு பொத்தான்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. அந்த நான்கும் தெரிந்தவர் முயன்று பார்க்க வேண்டிய ஒழுங்குகள் 24 மட்டுமே. இப்போது ஆறு இலக்கம் வைத்து, அடிக்கடி மாற்றி, துணியால் துடைத்தும் வருகிறோம். வயர் நுழையும் துவாரத்தைச் சிலிக்கனால் அடைக்க மறவாதீர்கள். எங்களுடையதில் சிற்றெறும்புகள் குடியேறிவிட்டன.

குளக்கட்டான்:
இருவருக்கும் நன்றி. கீபாடுக்கு 12 வோல்ட் பற்றரி ஒன்றையும் சேர்த்துவிட்டால் மின்தடையின்போதும் திறக்கலாம் அல்லவா?

பழைய வயர்மன்:
கீபாட் ஒளிரும், கதவு அசையாது. உங்கள் மோட்டர் 230 வோல்ட்டில் ஓடுவதாயின் அதற்கே தனியாக மாற்று மின்சாரம் வேண்டும். இல்லையேல் கைச்சங்கிலியால்தான் உயர்த்த வேண்டும். அச்சங்கிலியோ உள்ளே தொங்குகிறது. ஆகவே, கராஜுக்குப் பக்கக் கதவு உண்டா என்பதை முதலில் சொல்லுங்கள். இன்னொன்று: கைபேசியால் தூரத்திலிருந்து மூடும் எண்ணம் இருந்தால், வாசலில் ஒளிக்கதிர் உணரி போடாமல் அதைச் செய்யவே வேண்டாம். கதவின் கீழே பிள்ளை நிற்பதைக் கீபாட் அறியாது.

குளக்கட்டான்:
பக்கக் கதவு இருக்கிறது, ஆனால் அதனை மறைத்து விதைநெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். நாளைக்கு முதல் வேலையாக அவற்றை நகர்த்துகிறேன்.