மறுமொழி: அலைநீளத்தை அமைத்துக்கொள்ளும் லேசருக்கு எந்தச் சொல்?

அன்புடைய குழுவினருக்கு வணக்கம்.

காற்றின் ஈரத்தை அளக்கும் லேசர் பற்றிய கண்காட்சிப் பலகையை வெள்ளிக்கிழமை மாலைக்குள் நான் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். மற்ற மூன்று மொழிகளும் முடிந்துவிட்டன. தமிழ் மட்டும் ஓர் அடைமொழியில் சிக்கி நிற்கிறது: ஆங்கிலத்தில் ‘tunable’ எனப்படும், அலைநீளத்தை வேண்டியபடி அமைத்துக்கொள்ளும் லேசரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே குழுவில் நான் கேட்ட கேள்வி.

லேசரைத் தமிழில் ‘சீரொளி’ என்பதா, ‘லேசர்’ என்றே எழுதுவதா என்ற வழக்கை விட்டுவிடலாம். சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் காய்கறி வாங்கும் பாட்டியும் தம் கண் சிகிச்சையை லேசர் என்றே சொல்கிறார். ஒளியைத் தருவது திண்மப் படிகம் என்பதைச் சொல்லும் ‘திடநிலை’ வடசொல், அதனால் ‘திண்மநிலை’ வேண்டும் என்று குழுவின் தமிழறிந்த ஐயா எழுதியதிலும் எனக்கு மறுப்பில்லை.

‘அலைநீளம் மாற்றத்தக்க’ என்று ஆசிரியை அம்மா பரிந்துரைத்தது எவருக்கும் புரியும். ஆனால் கருவியின் வேலையில் பாதியைத்தான் அது சொல்கிறது. 1960இல் வந்த முதல் லேசரின் மாணிக்கக்கல் ஏறத்தாழ 694 நானோமீட்டரிலேயே நின்றது. டைட்டானியம் கலந்த நீலக்கல் படிகமோ ஏறத்தாழ 700 முதல் 1000 வரை வேண்டிய இடத்தில் ஒளி தரும். நீராவியை அளப்பவர்கள், 820 அல்லது 935 நானோமீட்டரை ஒட்டி நீராவி விழுங்கும் மிகக் குறுகிய அலைநீளக் கோடு ஒன்றின்மேல் ஒளியைத் துல்லியமாக உட்காரவைத்து ஓர் ஒளித்துடிப்பையும், கோட்டை விட்டுச் சற்றே விலக்கி இன்னொரு துடிப்பையும் அனுப்புகிறார்கள். தூசியிலும் காற்று மூலக்கூறுகளிலும் பட்டுத் திரும்பும் இவ்விரண்டின் வேறுபாடே எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்பதைக் காட்டுகிறது. இதை வெறும் மாற்றம் என்று எப்படிச் சொல்வது?

ஐயா எடுத்துக்காட்டிய ‘பண்ணல்’ அதனால்தான் என்னைக் கவர்ந்தது. சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி யாழைக் கையில் எடுத்ததும் வரும் எட்டுச் செயல்களில் முதலாவது அது. பாடவிருக்கும் பண்ணுக்கு ஏற்ப நரம்பை வீக்குதல். லேசர்க் கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள படிகத் தகட்டை இம்மி இம்மியாகத் திருப்புவதும் ஏறக்குறைய அதே கைவேலைதான். ஆனால் ‘பண்ணுறு லேசர்’ என்று எழுதி என் பத்து வயது மகளிடம் நீட்டினேன். “என்ன பண்ணுற லேசர்ப்பா?” என்று கேட்டாள். ஐயாவின் மாற்றுச் சொல்லான ‘வீக்குறு’வை அவளிடம் காட்டவே இல்லை, வீங்கிய லேசர் என்று நினைத்திருப்பாள். அறிவியலை ஆங்கிலத்தில் படித்து, தமிழை ஒரு பாடமாக மட்டும் பயிலும் பிள்ளைகள் நிற்கப்போகும் பலகை இது. யாழுக்கு அங்கே அடிக்குறிப்பு போட இடமில்லை.

எஞ்சுவது ‘இசைவுறு’. இசைவு என்றால் சம்மதம் என்று ஒருவர் எதிர்த்தார். கோட்டுக்கு ஒளி இசைகிறது என்று கொண்டால் அப்பொருளும் கெடாது. இதை ஒத்த ‘ஒத்திசைவு’ என்ற சொல் இயற்பியலில் வேறொன்றுக்கு (resonance) வழங்குகிறது என்ற எதிர்ப்பு வலுவானது. அதற்கு என்னிடம் விடையில்லை. ஆயினும் எழுதிய எண்மரில் ஐவர், அவர்களில் மூவர் சலிப்போடுதான், இதற்கே உடன்பட்டிருக்கிறார்கள். ஆகவே ‘இசைவுறு திண்மநிலை லேசர்’ என்று எழுதி, அடுத்த வரியில் ‘அலைநீளத்தை வேண்டியபடி அமைக்கலாம்’ என்று சேர்க்கிறேன்.

‘இசைவுறு’வுக்கு ஐயா தெரிவித்த மறுப்பு அப்படியே இருக்கட்டும். வேறு சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். யாழின் மற்ற ஏழு செயல்களுக்குத் குழுவில் தனி உரையாடல் இழை தொடங்கலாம்.