அப்பாவுக்கும் அண்ணனுக்கும் இரைப்பைப் புற்றுநோய். நானும் ஸ்கோப் செய்ய வேண்டுமா?

தோ பாயோ மீனா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 51 வயது. தொண்டிப் பக்கம் பிறந்தவள், 2001இல் கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்தேன். அப்பா இரைப்பைப் புற்றுநோயில் போனார். இரண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்று தட்டைத் தள்ளிவிடுவார். சமையல்தான் பிடிக்கவில்லையோ என்று அம்மா குழம்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அண்ணனும் அதே மாதிரி தட்டைத் தள்ளினார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாளே மதுரைக்குக் கூட்டிப்போய், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி, அதுதான் இந்த ஸ்கோப், செய்து பார்த்தோம். அதேதான். அவருக்கு 54 வயது.

எனக்கு எப்போதாவது நெஞ்செரிச்சல் வரும், ஒமிப்ரசோல் போட்டால் அடங்கிவிடும். போன வருடம் வீட்டிலேயே மலச்சோதனை எடுத்து அனுப்பினேன், ஒன்றுமில்லை என்று வந்தது. அது போதாதா? இத்தனை வருடம் இங்கே இருந்த பிறகும் ஊர் நோய் வருமா? பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேயே பிறந்தவர்கள், 22, 19 வயது.

ஜூரோங் செல்வி:
மீனா, அண்ணனை உடனே கூட்டிப்போனது நல்ல காரியம். நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த மலச்சோதனை பெருங்குடலுக்கானது. அதை வைத்து இரைப்பை நன்றாக இருக்கிறது என்று நினைக்க முடியாது.

ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமிதான் இதில் பெரிய காரணம். புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு 1994இலேயே அதை வகைப்படுத்திவிட்டது. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். மருந்து கொடுக்காவிட்டால் பல பத்தாண்டுகள் இரைப்பையிலேயே தங்கியிருக்கும். ஊரில் தொற்றியிருந்தால் நீங்கள் விமானம் ஏறியபோது அதுவும் கூடவே ஏறியிருக்கும். இங்குள்ள தண்ணீரால் அது போகாது.

இன்னொன்று. இந்தக் கிருமி இந்தியர்களிடம் நிறைய உண்டு. ஆனாலும் சிங்கப்பூரில் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களுக்குத்தான் அதிகம். அதனால் இது நமக்கு வராத நோய் என்று நம் ஆட்கள் இருந்துவிடுகிறார்கள். அப்பா, அண்ணன் என்று இரண்டு பேருக்கு வந்த வீட்டில் அப்படி இருக்கக் கூடாது. தென்கொரியாவில் 40 வயதானால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் இரைப்பைப் பரிசோதனை உண்டு. இங்கே அப்படிப்பட்ட தேசியத் திட்டம் கிடையாது, நாமாகத்தான் கேட்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) டாக்டரிடம் முதல் வார்த்தையே "அப்பாவுக்கும் அண்ணனுக்கும்" என்று இருக்கட்டும். நெஞ்செரிச்சலில் தொடங்கினால் இன்னொரு அட்டை மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுச் சோதனைக்குச் சொன்னால், ஒமிப்ரசோலை இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக் என்றால் நான்கு வாரம். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டலாம்.

ஈசூன் ரவி:
அக்கா, எனக்கும் அந்தக் கிருமி இருந்தது. ஒரு பையில் ஊதச் சொன்னார்கள், ஏதோ குடிக்கக் கொடுத்தார்கள், அரைமணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன். அவ்வளவுதான். மருந்துதான் கஷ்டம். 14 நாளும் வாயில் இரும்பை வைத்த மாதிரி கசப்பு, காப்பிகூட இறங்கவில்லை. பாதியில் விட்டுவிடாதீர்கள். முடிந்து ஒரு மாதம் கழித்துத் திரும்ப ஊதிப் பார்த்த பிறகுதான் போய்விட்டது என்றார்கள்.

துவாஸ் முருகன்:
நான் வொர்க் பர்மிட்டில் இருக்கிறேன். நாலு மாதமாக வயிற்று வலி, கடையில் மருந்து வாங்கிக் குடிக்கிறேன். ஸ்கோப் செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஜூரோங் செல்வி:
தம்பி, நாலு மாதம் ரொம்ப அதிகம். இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எடை குறைந்ததா, மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கறுப்பாகப் போனால் நாளைக்கு என்று தள்ளாமல் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள். உங்களுக்கு முதலாளி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் தங்குவதும் ஒருநாள் அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். ஸ்கோப் தேவை என்று டாக்டர் எழுதினால் அந்தக் கடிதத்தோடு கம்பெனியில் கேளுங்கள்.

தோ பாயோ மீனா:
செல்விக்கா, ரொம்ப நன்றி. செவ்வாய்க்கிழமை காலையில் மருந்தகத்தில் நேரம் கிடைத்திருக்கிறது. அண்ணனின் எண்டோஸ்கோபி அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன், அண்ணி இப்போதுதான் அனுப்பினார். பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா?

ஜூரோங் செல்வி:
முதலில் நீங்கள் பாருங்கள். உங்களுக்கு இருந்தால் அவர்களும் ஊதிப் பார்க்கட்டும். வீட்டுக்காரரையும் கூட்டிப்போங்கள்.